தரனின் வடக்குப் பக்கம்

வெயிலே இல்லாத மாதத்தில் என் மாமாவின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கண்களைச் சுற்றி மட்டும் இரண்டு வெளுத்த வட்டங்கள். உதடு தோலுரிந்து, சிரித்தால் இரத்தம் கசிந்தது. ஓக்லாந்தில் ஆகஸ்ட் போய் செப்டெம்பர் பிறந்திருந்தது; இங்கே அது குளிர்காலத்தின் கடைசி. ரானுயியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு ஜன்னல்களில் நாள் முழுக்க மழை வழிந்தது. சனி ஞாயிறும் ஃபக்டரியில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் எப்படி இப்படி வெயிலில் வெந்து வர முடியும்? அம்மா கேட்டுவிட்டார். மெசின் சூடு என்றார் மாமா.

"கண்ணை மட்டும் விட்டிட்டுச் சுடுற மெசினோ?" என்றார் அம்மா. மாமா சோற்றைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. இருபத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்தில் அந்த வயதுப் பையன்கள் வீட்டில் இருக்க முடியாத காலம் அது. ஒரு பக்கம் ஆமி பிடிக்கும், மறுபக்கம் இயக்கம் கூப்பிடும். அம்மா இங்கிருந்து அழுது, அப்பாவை நச்சரித்து, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி அவரை எடுப்பித்தார். "சாவின்ர வாயில இருந்து புடுங்கி எடுத்த பிள்ளை" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வார். மாமா அப்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

எங்கள் வதிவிட விண்ணப்பம் அந்த வருடம் ஏதோ ஓர் அலுவலக மேசையில் கிடந்தது. மாமாவின் விண்ணப்பமும் அதே இடத்தில்தான். எனவே எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்: எவரும் எதுவும் செய்யக்கூடாது. பாட்டைச் சத்தமாகப் போடக்கூடாது, பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தக்கூடாது. நூலகப் புத்தகத்தைக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னமே அப்பா திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்குப் பத்து வயது. இங்கிலீஷ் எனக்குத்தான் நன்றாக வரும் என்பதால் தொலைபேசி அடித்தால் எடுப்பது என் வேலை.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை நான் எடுத்தேன். மாமாவின் ஃபக்டரியில் இருந்து ஒருவர். இன்றைக்கு ஆள் குறைவு, உன் மாமாவால் வர முடியுமா என்று கேட்டார். அவர் அங்கேதானே இருக்கிறார் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். சனிக்கிழமைகளில் அவர் வந்ததே கிடையாதாம்.

நான் அதை அப்படியே ஒப்புவித்ததும் அம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எலி அம்மணமா ஓடுதெண்டா காரணம் இல்லாமல் இருக்காது" என்றார். அவருக்கு முதலில் வந்த சந்தேகம் பெண் விஷயம். அதுவும் வெள்ளைக்காரி. அதை நினைத்து அரை மணி நேரம் அழுதார். இரண்டு கிழமை போகுமுன், ஐயோ அது வெள்ளைக்காரியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிற நிலைக்கு வந்துவிட்டார், பாவம்.

உளவு பார்க்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மாமாவுக்குத் தெரியாமல் பின்னால் போனேன். டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக் கடைக்கு முன்னால் ஒரு பழைய வான் நின்றது. அதற்குள் தாடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன். வீட்டு வாசலுக்கு வராமல் ஏன் மூலையில் நிற்க வேண்டும்? மாமா தன் பெரிய முதுகுப்பையைத் தூக்கி உள்ளே எறிந்து, பின்னாலேயே ஏறிக்கொண்டார். வான் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. நான் ஓடிவந்து தாடியின் நீளம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணால் காணாத இரண்டு விஷயங்களையும் சேர்த்தே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை, மாமா வேலைக்குப் போயிருந்த நேரம், அம்மா அவருடைய கட்டிலுக்குக் கீழிருந்து அந்தப் பையை இழுத்தார். "மடியில கனம் இல்லாட்டி வழியில என்ன பயம்? திற பார்ப்பம்" என்றார். நான் திறந்தேன். முதலில் வந்தது குட்டைப் பிடி போட்ட மண்வெட்டி ஒன்று. அடுத்து, ஒன்றுக்குள் ஒன்று பொருத்தினால் ஆளைவிட உயரமாகிற உருக்குக் கம்பி. பிறகு சிவப்பு நிறத்தில் மெல்லிய கயிறு, சுருள் சுருளாக, முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. கடைசியில் கழுத்தில் மாட்டும் பட்டியோடு ஒரு சின்னப் பெட்டி, காதில் செருக வயர். ஆளியைத் தட்டியதும் அது பீப், பீப், பீப் என்றது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டார். நான் ஆளியை மறுபடி தட்டி நிறுத்தினேன்.

பையின் பக்கப் பொக்கற்றில் ஒரு கொப்பி இருந்தது. மாமாவின் மணி மணியான கையெழுத்து. அம்மா வாசிக்க வாசிக்க அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது.

"சனி காலை ஆறு மணிக்கு தரன். எல்லோரும் பெட்டியைச் சோதிக்க வேண்டும்."

"தரனுக்கு வடக்குப் பக்கம்தான் பலவீனம். பத்து மணிக்குப் பிறகு அங்கே நிற்கக்கூடாது."

"ஒருவர் கடந்து முடித்த பிறகே அடுத்தவர். கூட்டமாகப் போனால் எல்லோரும் போய்விடுவோம்."

"மேலே நன்றாக லோடட். சின்ன ட்ரிகர் போதும், முழுதும் ரிலீஸ் ஆகும்."

"புதைந்தவரைத் தேட அதிக நேரம் கிடைக்காது."

லோடட் என்றால் எனக்குத் தெரியும்; தொலைக்காட்சியில் குதிரைக்காரர்கள் குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பற்றிச் சொல்வது. ட்ரிகரைப் பள்ளி அகராதியில் எடுத்துக் காட்டினேன். துப்பாக்கிப் படமே போட்டிருந்தது. வடக்கு என்பதற்கு அகராதி தேவைப்படவில்லை. எங்கள் ஆட்களுக்கு வடக்கு என்றால் ஒரே ஒரு வடக்குத்தான். அது எங்கள் ஊர். அம்மா கொப்பியை மூடிவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஆர் இந்தத் தரன்?"

அன்று பின்னேரம் அப்பா வந்ததும் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. தரன் என்ற பெயரில் அப்போது ஓக்லாந்தில் எங்களுக்குத் தெரிந்து இரண்டு பேர். ஒருவர் ஹென்டர்சனில் பல் டொக்டர். மற்றவருக்கு மூன்று வயது. டொக்டராக இருக்குமோ என்று அப்பா யோசித்தார். அந்த ஆள் சிரிக்கிற விதம் தனக்கு எப்போதுமே பிடித்ததில்லை என்றும் சொன்னார். பிறகு தாடிக்காரனை வைத்துப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர்கள்தான் இவற்றுக்கெல்லாம் பயிற்சி கொடுப்பவர்கள் என்று அப்பா எங்கோ வாசித்திருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் வீட்டில் மின்விளக்கைப் போட்டுக்கொண்டே பேயைப் பார்த்தோம்.

"பொலிஸுக்குச் சொல்லிப்போட்டா நாங்களாவது தப்பலாம்" என்றார் அப்பா.

"என்ர தம்பியை நானே பிடிச்சுக் குடுக்கிறதோ? உங்கட தம்பியா இருந்தாச் செய்வியளோ?"

"அப்ப அவனைக் கேள்."

"கேட்டா ஓடிப்போடுவான். பிறகு எங்க போய்த் தேடுறது?"

இரண்டும் முடியாது என்றானது. அம்மாதான் வழி கண்டுபிடித்தார். பல்லைப் பிடுங்கிவிட்டால் பாம்பு என்ன செய்யும்? அந்தப் பீப் பெட்டியை ஊமையாக்கிவிட்டால் மற்றவை வெறும் கயிறும் கம்பியும். எனக்குப் பொம்மைகளுக்குப் பற்றரி மாற்றத் தெரியும். வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் பெட்டியின் பின்மூடியைத் திறந்து இரண்டு பற்றரிகளையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் இருந்த மாதிரியே அடுக்கினேன். சமையலறை ரேடியோ மாதக்கணக்கில் உயிரில்லாமல் கிடந்தது. நல்ல பற்றரி வீணாகப் போவானேன் என்று அம்மா அவற்றை அதில் போட்டார். ரேடியோ பாடியது. நாட்டைக் காப்பாற்றிவிட்ட மாதிரி எனக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை மாமா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். "ஓவர்டைம்தானே?" என்றார் அம்மா. "ஓம் அக்கா" என்றார் அவர். இரண்டு பேரும் பொய் என்று தெரிந்தே அதைச் சொன்னார்கள். நான் மட்டும் கதவடியில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அந்த ரேடியோவில்தான் செய்தி வந்தது. தரனாக்கி மலையில் பனிச்சரிவாம். ஓர் ஆள் புதைந்து, தோண்டி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். நான் தமிழில் சொன்னேன். "ஆர் பெத்த பிள்ளையோ, பாவம்" என்றார் அம்மா. "உதுக்கெல்லாம் எதுக்குப் போகினம்? வீட்டில இருக்க ஏலாதோ?" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

மாலையில் மாமா வந்தார். உடுப்பெல்லாம் காய்ந்தும் காயாத ஈரம். கையுறை இல்லாத விரல்கள் வெடித்து வீங்கியிருந்தன. பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தார். பின்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே வெறுமை. ஜன்னலடியில் ரேடியோ யாரோ ஒருவரின் கிரிக்கெட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது. மாமா அதையும் பார்த்தார். போய் அதன் மூடியைத் திறந்தார். கதை நின்றது.

"ஆர் என்ர பையைத் திறந்தது?"

நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "நான்தான்" என்றார் அம்மா.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. தரன் என்பது ஆள் அல்ல, தரனாக்கி மலை. மாமா செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்ட பெயர். தாடிக்காரன் அவரோடு வேலை செய்கிறவன், ஒரு மலையேறும் கழகத்து ஆள். அங்கே சனி ஞாயிறுகளில் பனியில் நடக்கவும், சரிவில் புதைந்தவர்களைத் தேடி எடுக்கவும் பழக்குகிறார்கள். முகத்தைச் சுட்டது பனியில் பட்டுத் தெறித்த வெயில்; கண்ணைச் சுற்றி வெளுத்தது கறுப்புக் கண்ணாடி மறைத்த இடம். மாமா கொப்பியை விரித்து ஒவ்வொரு வரியாக விளங்கப்படுத்தினார். மேலே லோடட் என்றால், காற்று கொண்டுவந்து குவித்த பனியின் பாரம். ட்ரிகர் என்றால், அந்தப் பாரத்தை அசைத்துவிடுகிற ஓர் ஆளின் காலடி. சிவப்புக் கயிறு இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நடப்பதற்கு. புதைந்தாலும் கயிற்றில் ஒரு முழமாவது வெளியே தெரியக்கூடும். கம்பி, பனிக்குள் குத்தித் தேட. அந்தப் பெட்டி, புதைந்தவன் எங்கே என்று மற்றவர்களின் காதுக்குச் சொல்ல; அதே பெட்டியால்தான் மற்றவனைத் தேடவும் வேண்டும்.

"அப்ப வடக்கு?" என்றார் அப்பா, இன்னும் விடாமல்.

"இந்த நாட்டில வெயில் வடக்காலதான் அத்தான் விழும். அக்காவும் உடுப்பை வடக்குப் பக்கம்தானே காயப்போடுறா? இப்ப வசந்தம். இரவில பனி கல்லு மாதிரி இறுகிப்போய் இருக்கும். பத்து மணி வெயில் பட்டா வடக்குப் பக்கம் சோறு மாதிரிக் குழைஞ்சு சரியத் தொடங்கும். பக்கத்தில கடல், சூட்டுக் காத்தோட மழையும் வரும். அப்பிடி வந்தா இரவிலயும் இறுகாது."

அந்தக் கிழமை அப்படித்தான் நடந்திருக்கிறது. வியாழன் முழுக்கக் கடல் பக்கமிருந்து மழை. வெள்ளி இரவு மேகம் மூடியிருந்ததால் பனி இறுகவில்லை. சனி காலை, கிளம்பும் முன் எல்லோரும் வட்டமாக நின்று பெட்டிகளைச் சோதித்தார்கள். மாமாவின் பெட்டி பேசவில்லை. மேலதிகப் பற்றரி ஒருவரிடமும் இல்லை. பெட்டி இல்லாதவன் மேலே வரக்கூடாது என்பது அவர்களின் சட்டம். மாமாவைக் கீழே குடிலில் விட்டுவிட்டுப் போனார்கள். மேலே போனவர்கள் கால் முழங்கால்வரை புதைவதையும், சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு வருவதையும் பார்த்துவிட்டுத் திரும்பத்தான் செய்தார்கள். திரும்பும்போது வடக்குச் சரிவைக் கடக்கையில், கடைசியாக வந்த தாடிக்காரனின் காலுக்குக் கீழே அது கழன்றது. குடில் வாசலில் இருந்து மாமா பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் கிட்ட நின்றவர். கம்பியையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு முதலில் போய்ச் சேர்ந்தவரும் அவர்தான்.

"எனக்குக் காது இல்லை அக்கா. அவன்ர கயிறும் வெளிய தெரியேல்லை. கண்ட இடமெல்லாம் குத்தினன். மற்ற ஆக்கள் பெட்டியோட இறங்கி வந்து பார்த்தா, நான் நிண்ட இடத்துக்குக் கீழதான் அவன் கிடந்தவன். அவனுக்கு மேல நிண்டுகொண்டு நான் வேற இடத்தில தேடிக்கொண்டிருந்திருக்கிறன்."

தாடிக்காரன் உயிரோடு இருந்தான். தோள் எலும்பு முறிந்து, உதடு நீலம் பாரித்திருந்ததாம். மாமா ஓர் இரவு முழுக்க ஆஸ்பத்திரி வாங்கிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார்.

அம்மா இவ்வளவும் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "பனிக்குள்ளயா நிண்டனி? தலையில ஏதும் கட்டினியே?" என்பதுதான். அம்மாவுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் கிடப்பது, தடிமன் கொண்டுவருவது. அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதார். தம்பி இயக்கத்தில் இல்லை! குண்டு இல்லை, பொலிஸ் இல்லை, தரன் என்ற ஒருவனே இல்லை! "பற்றரி இருந்திருந்தா நீயும் அவங்களோட மேல போயிருப்பாயடா. கடவுள்தான் என்ர கையால எடுப்பிச்சது" என்றார். அப்பா பல் டொக்டரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயத்தோடு இறாலும் சேர்ந்தது.

மாமா சிரிக்கவில்லை. "கேட்டிருக்கலாமே அக்கா" என்றார்.

"கேட்டா உண்மை சொல்லியிருப்பியோ? ஓவர்டைம் எண்டுதானே சொன்னனி?"

"மலைக்குப் போறனெண்டா விட்டிருப்பியளோ? அதுதான் பொய் சொன்னனான். அது பிழைதான்." மேசையில் கிடந்த பெட்டியின் மூடியைப் பூட்டினார். "ஊரில இருந்து கொழும்புக்கு வரேக்க எத்தினை ஆமிச் சென்ரி தெரியுமே? ஒவ்வொரு இடத்திலயும் சேர், சேர் எண்டு பையைக் கொட்டிக் காட்டினனான். ஒவ்வொருத்தனும் நான் ஆரெண்டு முடிவெடுத்துப்போட்டுத்தான் பையைத் திறந்தவன். அவங்களுக்கு என்னைத் தெரியாது, பரவாயில்லை."

அம்மா இறாலைக் கிளறிக்கொண்டிருந்தார். மாமாவின் தட்டில் பெரிய பெரிய இறால்களாகப் பொறுக்கி வைத்தார். அவர் சாப்பிட்டு முடித்து "தாங்ஸ் அக்கா" என்றார். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு யாரும் யாருக்கும் தாங்ஸ் சொன்னதில்லை. பாரேன், பெடியன் நல்ல பழக்கமெல்லாம் பழகிவிட்டான் என்றார் அப்பா.

இரண்டு கிழமை கழித்து, ஏவன்டேலில் வேலைக்குக் கிட்ட ஒரு அறை பார்த்துவிட்டதாக மாமா சொன்னார். இரயிலில் போய்வரும் நேரம் மிச்சம் என்றார். அம்மாவுக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தத் தாடிக்காரன் ஏதோ சொல்லிக் கலைத்துவிட்டான் என்று அவன்மேல் சந்தேகப்பட்டார். எனக்கு உண்மையான காரணம் தெரியும் என்று நினைத்தேன். பற்றரி! அம்மா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாலும் எடுத்தது நான் அல்லவா? எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கோபம் போய்விடும். என் உண்டியலைக் கவிழ்த்து, மூலை டெய்ரியில் புத்தம் புதிதாக இரண்டு பற்றரி வாங்கினேன்.

அவர் கிளம்புகிற சனிக்கிழமை காலை முதுகுப்பை கூடத்தில் இருந்தது. மாமா குளியலறையில். அம்மா கோபத்தில் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நான் மெதுவாகப் பையின் ஸிப்பை இழுத்து, கையை உள்ளே விட்டு, அந்தப் பெட்டியைத் தேடினேன். அவருக்குத் தெரியாமல் போட்டுவிட வேண்டும். மலையில் ஆளியைத் தட்டும்போது பீப் என்று சத்தம் வரும், அப்போது என்னை நினைப்பார் என்பது என் திட்டம். நிமிர்ந்தபோது மாமா துவாயோடு வாசலில் நின்றார்.

அவர் என்னை ஏசவில்லை. என் எதிரே வந்து முழங்காலில் இருந்தார். பையைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார். சேர்ட்டுகள், சவரப் பெட்டி, கொப்பி, கம்பி, கயிறு. கொப்பியின் ஒற்றைகளை விரலால் தட்டி விரித்துக் காட்டினார். காலுறைகளை ஒவ்வொன்றாக உதறி, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டினார். கடைசியில் வெறும் பையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, "முடிஞ்சுதா? நான் போகலாமோ?" என்றார்.

மாமா எனக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்றே நினைத்தேன். அப்பாடா, கோபம் போய்விட்டது! நானும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, அவருடைய இரண்டு பொக்கற்றுகளையும் தட்டிப் பார்த்து, பெரிய ஆளைப் போலக் கையை ஆட்டி, "ஓகே, போகலாம்" என்றேன்.

"தாங்ஸ் சேர்" என்றார் மாமா. பெண்பிள்ளையைப் போய்ச் சேர் என்கிறாரே என்று நான் வயிறு நோகச் சிரித்தேன்.